கடைசி ஷீட்

நாமக்கல் பக்கம் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். எங்கள் மாணவர்களிடம் ஒரு பழக்கம். மேற்கே முழுக்கக் கண்ணாடி வைத்துக் கட்டடம் வரைவார்கள். எல்லாம் முடிந்த பிறகு கடைசி ஷீட்டில் பச்சை மரம், சோலார் பலகை, மழைநீர்த் தொட்டி. சுற்றுச்சூழலுக்கு ஏற்ற கட்டடம், சஸ்டைனபிலிட்டி என்று அதற்குத் தனி மதிப்பெண். அந்தக் கட்டத்தில் பூஜ்யம் விழுந்தால் மொத்தமும் தோல்வி. பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த முறை வகுப்பில் சொல்லிவிட்டேன். கடைசி ஷீட் வேண்டாம், வெயிலும் காற்றும் முதல் கோட்டிலேயே இருக்க வேண்டும் என்று. எல்லோரும் தலையாட்டிவிட்டுப் பழையபடியே வரைந்தார்கள். ஒரு பெண் மட்டும் சொன்னபடி கேட்டாள். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரி. இரவெல்லாம் ஓட்டிய லாரி டிரைவர்கள் பகலில் தூங்க ஒரு விடுதி வரைந்தாள். படிக்கட்டையும் குளியலறைகளையும் மேற்கில் அடுக்கி வெயிலை மறித்துவிட்டு, தூங்கும் அறைகளை வடக்கே வைத்திருந்தாள். ஏசி கிடையாது. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

இறுதித் தேர்வுக்கு மதிப்பெண் போட வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அவள் தாள்களைக் கடகடவென்று புரட்டினார்.

"சஸ்டைனபிலிட்டி ஷீட் எங்கம்மா?"

"தனியா இல்லைங்க சார். பிளான்லயே இருக்குதுங்க."

"பிளான்ல இருந்தா நான் எதுக்கு மார்க் போடறது?"

நான் எழுந்து கத்தினேன். அவர் மேற்கு வெயில் மேலே படாமல் நாற்காலியை நகர்த்திக்கொண்டே, "விதியை நான் எழுதலை" என்றார். துறைத் தலைவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அவள் தோற்றால் வீட்டில் இன்னொரு வருடம் படிக்கவிட மாட்டார்கள். அது எனக்கும் தெரியும், துறைத் தலைவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள்தான் என்னிடம் வந்தாள். "கோவிச்சுக்காதீங்க சார். டீ நேரத்துல வரைஞ்சுட்டு வாரேனுங்க."

கேன்டீன் மேசையில் வரைந்தாள். மரம், சோலார் பலகை, தொட்டி. முகத்தில் ஒன்றுமே இல்லை. தேறிவிட்டாள். துறைத் தலைவர் அந்த ஒரு ஷீட்டை மட்டும் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார். ஆய்வுக்குழு வந்தால் காட்ட வேண்டுமாம்.

தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன். விதியை மாற்றச் சொல்லி இரண்டு கூட்டத்தில் சண்டை போட்டாயிற்று. டீ வந்தது, முடிவு வரவில்லை. புது வகுப்பில் முதல் நாளே, வாசலில் மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்த ஒருத்தன் எழுந்து கேட்டான். "சார், கடைசி ஷீட் வேணுங்களா, வேண்டாமுங்களா?"