காலுறைக்குள் நான்கு பற்றரிகள்

தொண்ணூற்று நான்காம் ஆண்டு, குளிர் தொடங்கியிருந்த நேரம். நான் சுவிற்சர்லாந்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் லாங்கன்தாலில் ஒரு காம்பில் இருந்தேன். எங்களைப் போன்றவர்களை நகரசபை பகலில் ஏதாவது வேலைக்கு அனுப்பும். எனக்குக் கிடைத்தது, மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலை மண்டபத்தில் பொஸ்னியாவுக்குப் போகும் நிவாரணப் பெட்டிகளை அடுக்கும் வேலை.

அங்கே அப்போது சண்டை. எங்கள் பெட்டிகள் போன ஊரை ஓர் ஆறு இரண்டாகப் பிரித்திருந்தது. இந்தக் கரையில் ஒரு சமூகம், அந்தக் கரையில் இன்னொன்று. நடுவில் ஒரு பாலம். லொறிகளுக்கு முன்னும் பின்னும் நீலத் தொப்பி போட்ட சமாதானப் படையினர் போய், இரண்டு பக்கத்திலும் வழி கேட்டு, இரண்டு கரைக்கும் சாமான் கொடுப்பார்கள்.

என் மேசையில் என்னோடு இரண்டு பெண்கள். இருவரும் அந்த ஊர்க்காரர்கள்தான். ஒருத்தி இக்கரை, மற்றவள் அக்கரை. ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். ஒட்டும் ரேப் வேண்டுமென்றால்கூட நடுவில் நிற்கும் என்னிடம்தான் கை நீட்டுவார்கள். நானும் அதிகம் பேசுகிறவள் இல்லை. அதனால் எனக்கு அது ஒரு கஷ்டமாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே சாமான்: மா, சீனி, எண்ணெய், சவர்க்காரம், ஒரு சோடி கம்பளிக் காலுறை. ஒரு கரைக்குக் கூடவும் கூடாது, மற்றதற்குக் குறையவும் கூடாது. மூடிக்கு மேலே சாமான் பட்டியலும் எங்கள் மேசை இலக்கமும் ஒட்டுவோம்.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவள். அங்கேயும் சண்டை. மின்சாரம் இல்லை, பற்றரி கொண்டுவர அரசாங்கத் தடை. சக்தி முடிந்த பற்றரியை வெயிலில் காயவைத்து, றேடியோவில் இன்னும் ஒரு செய்தி கேட்டுவிடலாமா என்று பார்ப்போம். தாண்டிக்குளம் இராணுவச் சோதனைச் சாவடியைத் தாண்டி வருகிறவர்கள் பற்றரியைச் சட்டை மடிப்புக்குள்ளும் காலுறைக்குள்ளும் ஒளித்துக் கொண்டுவருவார்கள்.

ஒருநாள் இக்கரைப் பெண், தன் தாய் அங்கே இருட்டில் இருக்கிறாள் என்று சைகையில் சொன்னாள். எனக்கு மனம் கேட்கவில்லை. நான்கு சின்ன பற்றரிகள் வாங்கி, மறுநாள் ஒரு காலுறைச் சுருளுக்குள் வெளியே தெரியாதபடி வைத்துச் சுற்றினேன். அந்தத் தாய்க்குப் போகாவிட்டாலும் யாரோ ஒரு வீட்டில் கைவிளக்கு எரியும், றேடியோ பாடும் என்று எனக்குள்ளேயே சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

பத்து நாளில் லொறிகள் திரும்பி வந்தன. அக்கரைக்குக் கொடுக்க வேண்டிய பெட்டிகள் அப்படியே இருந்தன. அந்த லொறிகளில் ஒன்றை ஓட்டிப்போன சுவிஸ்காரர்தான் மண்டபத்துக்கும் பொறுப்பு. அவர் எங்கள் மேசைக்கு வந்து பேசினார். நெடுநாள் இங்கே இருக்கும் தமிழ் அண்ணை ஒருவர் எனக்கு மொழிபெயர்த்தார்.

"பாலத்தடியில இக்கரை ஆமிக்காரர் பெட்டி திறந்து பாக்கேக்க, ஒரு சொக்ஸுக்குள்ள பற்றரி இருந்திருக்கு. அக்கரைக்குக் குண்டு செய்யக் கொண்டு போறியளோ எண்டு சுடுற மாதிரித் துவக்கை நீட்டிட்டாங்களாம். முழு நாளும் இவையளை மறிச்சு வைச்சவங்களாம். இப்ப பாதையும் பூட்டு."

பட்டியலில் இல்லாத எதுவும் உள்ளே இல்லை என்று சமாதானப் படை அதிகாரி ஒருவர் இரு தரப்புக்கும் வாக்குக் கொடுத்துத்தான் ஒவ்வொரு முறையும் வழி கேட்பாராம். அவரைப் பொய்யன் என்று சொல்லிவிட்டார்களாம். வைத்தது யார், ஏன் என்று எழுத்தில் கொடுத்தால்தான் அவரால் திரும்பவும் போய்க் கேட்க முடியுமாம். பெட்டியில் இருந்தது எங்கள் மேசை இலக்கம்.

அதுவரை பேசாத அந்த இரண்டு பெண்களும் அன்றுதான் பேசினார்கள். பேச்சல்ல, ஏச்சு. பாஷை தெரியாவிட்டாலும் 'நீதான், நீதான்' என்று சொல்வது எனக்கு விளங்கியது. அக்கரைப் பெண் அழுதாள். அவளுடைய ஆட்களுக்குத்தானே சாமான் போகவில்லை.

எழுத்தில் கொடுத்தால் என் பெயர் வரும். பொலிஸுக்குப் போகும், அடுத்த விமானத்தில் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். வாயைத் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் லொறியும் போகாது.

"அண்ணை, அது நான்தான்."

"என்ன பிள்ளை சொல்லுறீர்? நீரோ?"

"ஓம். இருட்டுக்க இருக்கினம் எண்டு வைச்சனான்."

"அதுக்கு ஏன் சொக்ஸுக்குள்ள? இதென்ன, தாண்டிக்குளமே?"

அண்ணை அதை ஜெர்மனில் சொன்னார். அந்த சுவிஸ்காரர் திருப்பி ஏதோ கேட்டார்.

"பற்றரிக்குத் தடை ஒண்டும் இல்லையாம். எல்லாப் பெட்டிக்கும் நாலு நாலா வைச்சு, பட்டியலில ஒரு வரி எழுதியிருந்தா ஆரும் தொட்டிருக்க மாட்டினமாம். ஏன் ஒளிச்சனீர் எண்டு கேக்கிறார்."

ஒளிக்காமலும் கொடுக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றே தமிழில் எழுதினேன். ஊரில் எப்படி ஒளிப்போம் என்பதையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். அண்ணை ஜெர்மனில் மாற்றினார். பிறகு இரண்டு வாரம், காம்பில் தபால் வரும்போதெல்லாம், திருப்பி அனுப்பும் கடிதமோ என்று முதல் ஆளாய்ப் போய்ப் பார்ப்பேன். ஒரு கடிதமும் வரவில்லை. லொறிகள்தான் போய் வந்தன, இந்த முறை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வெறுமையாக. அந்த அதிகாரி என் கடிதத்தை இரண்டு பக்கத்திலும் வாசித்துக் காட்டினாராம். அக்கரையில் சிரித்தார்களாம். இக்கரையில் சிரிக்கவில்லை, ஆனால் பாதையை மறித்திருந்த தடியைத் தூக்கிவிட்டார்களாம்.

அதற்குப் பிறகு எங்கள் பெட்டிகள் எல்லாவற்றிலும், திறந்த உடனே கண்ணில் படும்படி, நான்கு பற்றரிகள் வைத்தோம். அந்த இரண்டு பெண்களும் பிறகும் பேசவில்லை. ஆனால் ரேப் என் கைக்கு வராமல் நேரே ஒருத்தியிடமிருந்து மற்றவளிடம் போனது.

ஊரில் நாங்கள் ஒளித்தது பிழை என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் முகம் தெரியாத ஒருவர் தன் வாக்கை நம்பச்சொல்லித் திறந்துவைத்த பாதையை, நான் ஒளித்துவைத்த இரக்கம் பூட்டிவிட்டது என்பது, ஒரு சோடி காலுறையைச் சுருட்டும்போதெல்லாம் இன்னும் என் நினைவுக்கு வருகிறது.