நுவரெலியா தொரை கேட்டாரு

1. துரைக்குத் துணையாக

டிக்கோயாவுக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தில் இரண்டாம் கிளாக்கராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், துரை என்னிடம் கேட்ட முதல் கேள்வி கணக்கைப் பற்றியதல்ல. "உனக்குக் கடைத்தெருத் தமிழ் வருமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். ஹட்டன் கடைத்தெருவிலேயே பிறந்து வளர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? வரும் என்றேன். "அப்படியானால் சனிக்கிழமை என்னோடு வா" என்றார். என் உத்தியோகத்தில் பாதி அன்றைக்கே முடிவாகிவிட்டது. அந்தப் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கொழுந்து பறிக்கிற அங்கம்மாவின் கழுத்தில் கிடந்த காசு தப்பிய கதையும் அதற்குள்தான் வருகிறது.

துரைக்குத் தமிழே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. வா, போ, எடு, வெட்டு, வாயை மூடு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு காலையில் ஆட்கள் வரிசையாக நிற்கும் பெரட்டில் அவர்களை வேலைக்குப் பிரித்து ஒரு மலையையே ஆண்டுகொண்டிருந்தார். கடையில் நின்று ஒரு சாமானை விலை பேச மட்டும் அந்தத் தமிழ் உதவவில்லை. அவருக்குப் பழங்காசுப் பைத்தியம். தேயிலை விலை விழுந்து, தோட்டம் தோட்டமாகப் பதிவேட்டில் பேர் வெட்டி, ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த முப்பதுகளின் தொடக்கம் அது. சம்பளத்தைக் குறைக்கக் கையெழுத்துப் போட்ட அதே கையால் துரை ஹட்டனில் காசைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்க வயிறு எரியும். ஆனால் இரண்டாம் கிளாக்கரின் வயிறு எரிந்தால் யாருக்கு என்ன?

2. முதலாளியின் வாய்

நாங்கள் போகும் கடை மாணிக்கம் முதலாளியுடையது. பேருக்குப் பித்தளைப் பாத்திரக் கடை. குடத்துக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் சிவப்புத் துணி, அதன்மேல் காசுகள். பாத்திரம் வாங்க வருகிறவர்களிடம் முதலாளி வாயைத் திறக்கவே மாட்டார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்தால் வாயும் சேர்ந்து திறந்துகொள்ளும்.

"தொரைகிட்ட சொல்லுங்க கிளாக்கரையா. இது பொலன்னறுவை ராசா காலத்துக் காசு. ஒரு ஆளு வயல் உழுறப்ப கொழுவுல மாட்டிக்கிட்டு வந்துச்சு. நாட்டுலயே இது ஒண்ணுதான் இருக்கு. போன வாரம் நுவரெலியா தொரை ஒருத்தர் காரு போட்டுக்கிட்டு வந்து கேட்டாரு. நான் குடுக்கலயே. நம்ம தொரைக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."

நான் துரையிடம் "பழையது என்கிறார்" என்பேன்.

"இவ்வளவு நேரம் பேசியது அவ்வளவுதானா?" என்று துரை கேட்பார். "மிகவும் பழையது என்கிறார்" என்று திருத்திக்கொள்வேன்.

அடுத்த மாதம் போனால் அதே ராசா காசு இன்னொன்று சிவப்புத் துணியில் உட்கார்ந்திருக்கும். அதே வயல், அதே கொழு. துரை அந்தப் பக்கம் திரும்பிய நேரம் நான் மெதுவாகக் கேட்டேன்.

"போன மாசமும் ஒண்ணுதான்னு சொன்னீங்களே மொதலாளி?"

"அப்ப அது ஒண்ணுதான் இருந்துச்சு. இப்ப இது ஒண்ணுதான் இருக்கு. ரெண்டையும் சேத்து வச்சு வித்தாத்தான தப்பு?" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

காசு தேய்ந்திருந்தால், "எத்தனை ராசா கை பட்டுத் தேஞ்சிருக்கு பாருங்க" என்பார். தேயாமல் இருந்தால், "ஒரு கையும் படாத காசு" என்பார். கறுத்திருந்தால் பழமை, மினுங்கினால் சுத்தம். ஒரு தடவை ஓரம் உடைந்த காசைக் காட்டி, சண்டையில் வாள் பட்ட இடம் என்றார். அதை மொழிபெயர்க்கும்போது எனக்கே சிரிப்பு வந்து இருமலாக்கிச் சமாளித்தேன். அந்த நுவரெலியா துரையை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் கேட்காத காசு அந்தக் கடையில் இல்லை.

3. துரை கற்ற பாடம்

துரையும் ஒரேயடியாக முட்டாள் அல்ல. கொழும்பில் பழங்காசு பற்றித் தெரிந்த ஒருவரிடம், தான் வாங்கிச் சேர்த்த பெட்டியைக் காட்டியிருக்கிறார். அவர் பாதியைப் போலி என்று அப்பால் தள்ளிவிட்டாராம். அடுத்த சனிக்கிழமை துரை கடைக்குள் நுழையும்போதே முகம் பழுத்திருந்தது. முதலாளி அதைப் பார்த்த மாத்திரத்தில் புது வாய் ஒன்றை எடுத்தார்.

அன்றைக்கு எதையுமே புகழவில்லை. துரை குனிந்து பார்த்தபோது ஒரு மஞ்சள் காசை மட்டும் அவசரமாக எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

"அது என்ன?" என்றார் துரை.

"அது ஒண்ணுமில்லைங்க. விக்கிறதுக்கில்ல. எனக்குக் காசப் பத்தி என்னாங்க தெரியும்? எங்க ஐயா குடுத்தது, இங்க தெரியாம கலந்துபோச்சு. சும்மா பித்தளையாத்தான் இருக்கும்னு சொல்லிருங்க."

இதை மட்டும் நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். துரைக்குக் கண் விரிந்தது. அந்தக் காசை வாங்காமல் கடையைவிட்டு இறங்க மாட்டேன் என்று நின்றார். முதலாளி மூக்கைச் சிந்தினார், அப்பா படத்தைப் பார்த்தார், கடைசியில் பெரிய மனது பண்ணிக் கொடுத்தார். நாற்பது வருஷம் கழித்தும் சொல்கிறேன், அதுபோல ஒரு கெட்டிக்காரப் பேச்சை நான் கேட்டதில்லை. விற்கிறவன் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டால், வாங்குகிறவன் தான் அவனை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு சந்தோஷமாகக் காசை எண்ணி வைப்பான்.

திரும்பி வரும் வழியில் துரை எனக்குப் பாடம் நடத்தினார். "இந்த ஆட்களைப் படித்துவிட்டேன் கிளாக்கர். ஒன்றைப் புகழ்ந்தால் அது குப்பை. மறைத்தால் அதுதான் அசல். இனி என்னை யாரும் ஏமாற்ற முடியாது." மடியிலிருந்து வந்த அந்த மஞ்சள் காசைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

4. மடுவத்தில் ஒரு காசு

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில்தான் வினை வந்தது. அங்கம்மா என்று ஒரு பெண். நல்ல கைவேகம், அதைவிட நல்ல வாய்வேகம். மற்றப் பெண்களைச் சிரிக்க வைக்க, மலையில் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயா நடக்கிற மாதிரி நடந்து காட்டுவாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. புருஷன் கருப்பையா நிமோனியாவில் டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தான். கூடையை இறக்கக் குனிந்தபோது அவளுடைய தாலிக்கயிறு வெளியே விழுந்தது. அதில் தாலிப் பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தங்க வராகன் கோத்திருந்தது. துரை பார்த்துவிட்டார்.

"காசு காட்டு" என்றார்.

அங்கம்மா சட்டென்று கயிற்றை ரவிக்கைக்குள் போட்டு, முந்தானையை இழுத்து மூடினாள். எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள். துரையோ என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். மறைத்துவிட்டாள் அல்லவா? அப்படியானால் அசல்.

நல்ல விலை தருவதாகச் சொல்லச் சொன்னார். அன்று சாயந்தரம் அவள் குடியிருந்த லயத்துக்குப் போனேன். பெரிய கங்காணி எனக்கு முன்னாலேயே அங்கே நின்றார்.

"தொரை கேட்டா குடுத்துட வேண்டியதுதான? பேரு வெட்டுற காலம். புருசனும் படுத்துக் கெடக்கான். நாளைக்கு உங்க ரெண்டு பேரு பேரையும் வெட்டிட்டா எங்க போவீங்க?"

அங்கம்மா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"எங்கம்மா கழுத்துல கெடந்ததுங்க. அவரு ஆசுபத்திரியில மூச்சுக்கு இழுத்துக்கிட்டு கெடக்காரு. இந்த நேரத்துல நான் கயித்துல கை வச்சு காச உருவுனா, அப்பறம் அவருக்கு எதாச்சும் ஆச்சுன்னா நான் உசுரோட இருப்பேனா கிளாக்கரையா?"

என் வீட்டுக்காரியின் கழுத்திலும் கயிறு இருந்தது.

மறுநாள் ஆபீசில் துரையிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். தாலி என்றால் என்ன, அதில் ஏன் கை வைக்க முடியாது என்றெல்லாம் விளக்கினேன். கேட்டுக்கொண்டார். பிறகு, அந்தக் காசில் வளையம் பற்றவைத்திருக்கிறது, பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்த்து உருவமே அழிந்துவிட்டது, காசு சேர்க்கிறவர்கள் அதைக் கையால் தொட மாட்டார்கள் என்றும் சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

துரை சிரித்தார். "மாணிக்கமும் பித்தளை என்றுதான் சொன்னான். இவ்வளவு பாடுபட்டுக் குறை சொல்கிறாயே, அப்படியானால் எவ்வளவு நல்ல காசாக இருக்க வேண்டும்! வெள்ளிக்கிழமை அவளை ஆபீசுக்கு வரச் சொல்" என்றார்.

அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் எனக்கு மை கூடக் கொட்டிவிட்டது. பொய் சொல்ல வாயைத் திறந்தால் தலையாட்டுகிற மனுஷன், உண்மை சொன்னால் கண்ணடிக்கிறார். அந்த மையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது.

5. விற்பனை

"வெள்ளிக்கிழமை நீயே போய் அந்தக் காச வித்துரு" என்றேன் அங்கம்மாவிடம்.

"நீங்களுமாங்க?" என்று கேட்டாள். கண் நிறைந்துவிட்டது.

பிறகு விளக்கமாகச் சொன்னேன். மாணிக்கம் முதலாளியின் வாயை ஒரு வரி விடாமல் அவளுக்கு ஒப்பித்தேன். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. முதலாளியைப் போல இடுப்பில் கை வைத்து ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பக்கத்துக் காம்பராப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சொல்லிக்கொடுத்தவனைவிட நன்றாகவே வந்தது.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் வராந்தாவில் அவள் கூப்பிடுவதற்கு முன்னாலேயே வந்து நின்றாள். காசைப் புளி போட்டு விளக்கி, கயிற்றோடு சேலைக்கு மேலே எடுத்து விட்டிருந்தாள். துரை வெளியே வந்ததும் ஆரம்பித்தாள்.

"தொரைகளே, இந்தக் காச நீங்கதான் வாங்கணும். இது ராசா காசுங்க. ஏரு உழுறப்ப கொழுவுல மாட்டிக்கிட்டு வந்துச்சு. நாட்டுலயே இது ஒண்ணுதாங்க இருக்கு. போன வாரம் நுவரெலியா தொரை காருல வந்து கேட்டாரு. நம்ம தொரைக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். நஷ்டத்துக்குத்தான் தர்றேன், எடுத்துக்கங்க."

இந்தத் தடவை நான் எதையும் சுருக்கவில்லை. கொழு, வயல், கார், நஷ்டம், எல்லாவற்றையும் இங்கிலீஷில் வரிசையாக அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் துரையின் முகத்தில் ஆசை ஒரு படி இறங்கிக்கொண்டே வந்தது. நுவரெலியா துரை பேச்சு வந்ததும் உதட்டைக் கோணினார்.

"குப்பை" என்றார் என்னிடம். பிறகு அவளைப் பார்த்து, "போ. வேலைக்குப் போ" என்றார்.

அங்கம்மா அதோடு போயிருக்கலாம். ஏறின ஆட்டம் இறங்கவில்லை. "பாதி வெலைக்குத் தர்றேங்க. தொரை மொகத்துக்காகத் தர்றேன்" என்று பின்னாலேயே நடந்தாள். இந்த மனுஷன் மலிவு என்று வாங்கித் தொலைத்துவிட்டால்? துரை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். அவள் படியிறங்கித் தேயிலை ஸ்டோர் பக்கம் திரும்பிய பிறகு, அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். நானும் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை துரை இந்தக் கதையை முதலாளியிடமே பெருமையாகச் சொன்னார். நான்தான் மொழிபெயர்த்தேன். முதலாளி கடைசிவரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, என்னை மட்டும் ஓரமாக அழைத்தார்.

"அந்தப் புள்ளைக்குத் தோட்டத்துல என்னா சம்பளம் குடுக்கிறாங்க? நம்ம கடைக்கு அனுப்புங்களேன்."

6. பரிசு

கருப்பையா பிழைத்துக்கொண்டான். எலும்பும் தோலுமாக டிக்கோயாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தான். அவர்கள் பேரை யாரும் வெட்டவில்லை. சில வருஷம் கழித்துத் துரை சீமைக்குப் புறப்பட்டார். காசுகளைத் தேயிலைப் பெட்டியில் அடைத்தபோது, என் சேவைக்காக ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். மடியிலிருந்து வந்த அதே மஞ்சள் காசு.

"இது ஒன்றுதான் இருக்கிறது கிளாக்கர். நுவரெலியாவில் என் நண்பர் ஒருவர் கேட்டார். நான் கொடுக்கவில்லை. உனக்கென்று எடுத்து வைத்திருந்தேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் கண்ணில் ஈரம் இருந்தது.

அதை மாணிக்கம் முதலாளியிடமே கொண்டுபோய்க் காட்டினேன். தூக்கிக்கூடப் பார்க்காமல், "பித்தளைங்க இது" என்றார். அந்தக் காசைப் பற்றி அவர் இரண்டு தடவை பேசினார். இரண்டு தடவையும் பித்தளை என்று உண்மையைத்தான் சொன்னார். முதல் தடவை அது அவருக்கு லாபமாக இருந்தது.

காசு சேர்க்கிற இளைஞர்கள் இப்போதும் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். காசைக் கையில் எடுத்ததும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள் என்பேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

துரை போன புதிதில் அந்தப் பித்தளையை ஒருநாள் மடுவத்தில் அங்கம்மாவிடம் காட்டினேன். துரை பரிசாகக் கொடுத்தது என்றேன். அவள் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய வராகன் கயிற்றோடு ரவிக்கைக்குள் பத்திரமாகக் கிடந்தது.

"நுவரெலியா தொரை கேட்டாராங்களா?" என்றாள்.

"கேட்டாராம்" என்றேன்.