எரிமலையில் என் கால் செய்த தவறு

போன வருடம் முதலாம் தவணைப் பரீட்சை முடிந்த வாரம் அது. மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் நான் புவியியல் படிப்பிக்கும் பாடசாலையின் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். எரிமலை ஒன்றை வரைந்து பாகங்களைக் குறிக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே எரிமலையை வரைந்திருந்தார்கள். அதே கூம்பு, அதே காளான் புகை, இடப்பக்க அடிவாரத்தில் அதே ஒற்றை மரம். அந்த மரம் பாடப்புத்தகத்தில் கிடையாது. கரும்பலகையில் நான் வரையும்போது சோக் வழுக்கி ஒரு கோடு விழுந்துவிட்டது. அதை மறைக்க மரமாக்கினேன். பிள்ளைகள் அதையும் விடவில்லை.

சிரித்துக்கொண்டே திருத்தினேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்து நான் வரைந்தேன், என் படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வரைந்தார்கள். எங்களில் ஒருத்தர்கூட எரிமலையைப் பார்த்ததில்லை. இலங்கையில் ஒன்றுகூட இல்லாதபோது எப்படிப் பார்ப்பது?

பக்கத்து மேசையில் கணிதம் படிப்பிக்கும் அக்கா இருந்தார். என்னை விட ஐந்து வயது மூத்தவர். இந்தப் பாடசாலைக்கு வந்த நாளிலிருந்து என் கூட்டாளி. அவரிடம் சொன்னேன்.

"அக்கா, ஆகஸ்ட் லீவுல எரிமல பாக்கப் போறேன். நீங்களும் வாங்க."

"எரிமல பாக்க அம்புட்டுத் தூரம் போகணுமா? நம்ம ஸ்கூல் அதிபர் ரூமுக்கு வெளிய பத்து நிமிஷம் நின்னாப் போதாதா புள்ள?"

ஆனால் நான் பிடித்தால் விடுகிற ஆள் இல்லை. இந்தோனேசியாவின் ஜாவா தீவில் ஐந்து நாள் சுற்றுலா ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தேன். வண்டி, தங்குமிடம், வழிகாட்டி எல்லாம் அதிலேயே அடக்கம். இரண்டு மாதம் நச்சரித்ததில் அக்கா ஒத்துக்கொண்டார். "இங்கிலீசெல்லாம் நீதான் பேசிக்கணும், நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்பது அவருடைய ஒரே நிபந்தனை. ஹட்டன் பஸ் நிலையத்தில் வழியனுப்ப வந்த அவருடைய கணவர், நான்கு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம், "டீச்சர், கூட்டிட்டுப் போற மாதிரியே கூட்டிட்டு வந்துருங்க" என்றார். "கவலப்படாதீங்கண்ணே, நாங்க மலையிலயே பொறந்தவங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினேன்.

எங்கள் குழுவில் எட்டுப் பேர். மற்ற ஆறு பேரும் ஐரோப்பியர்கள். எல்லாரும் விலை உயர்ந்த சப்பாத்து, கைத்தடி, முதுகுப்பையிலிருந்து உறிஞ்சிக் குடிக்கிற தண்ணீர்க்குழாய் என்று வந்திருந்தார்கள். நானும் அக்காவும் தினமும் பாடசாலைக்குப் போட்டுக்கொண்டு போகிற சப்பாத்தோடு நின்றோம். வழிகாட்டி ஒரு ஜாவாப் பெண். என் வயதுதான் இருக்கும். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கே இறங்கினாலும் முதலில் தரையிலிருந்து ஒரு சிட்டிகைத் தூசியை எடுத்து விரலிடுக்கில் விட்டு, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பாள். பிறகுதான் பேச்சு.

இரண்டாம் நாள் காலை முதல் எரிமலை. ஜீப்பை விட்டிறங்கி, சாம்பல் மணல்வெளியைக் கடந்து, செங்குத்தான படிகளில் ஏறி, எரிமலை வாயின் விளிம்பில் போய் நின்றோம். உள்ளேயிருந்து வந்த சத்தத்தை எப்படிச் சொல்வது? தேயிலைத் தொழிற்சாலையின் எல்லா இயந்திரங்களும் பூமிக்குள்ளே ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். காலுக்குக் கீழே தரை மெல்ல அதிர்ந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏ புள்ள, இது உசுரோட இருக்குடி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

திரும்பும்போது பனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மற்றவர்கள் தயங்கி நின்றார்கள். எனக்கு அது வீட்டு வாசல் மாதிரி. தேயிலை மலைக்குள்ளால் பாடசாலைக்கு நடந்து வளர்ந்தவர்களுக்குப் பனியில் நடக்க யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பனி மூடினால் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானைப் பிடித்துக் கீழேயே இறங்கிப் போவோம். கான் எப்படியும் ஒரு ரோட்டிலோ தொழிலாளர் குடியிருக்கிற லயத்திலோ கொண்டுபோய் விடும். இங்கேயும் தண்ணீர் ஓடிய தடம் ஒன்றைக் கண்டுபிடித்து முன்னால் நடந்தேன். எல்லாரும் என் பின்னால் வந்தார்கள். ஜீப் நின்ற இடத்துக்குச் சரியாக வந்து சேர்ந்ததும் கைதட்டினார்கள். வழிகாட்டிகூட என் தோளைத் தட்டினாள். அன்றைக்கு எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துவிட்டது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நான்காம் நாள் போனது கந்தக எரிமலைக்கு. மேலே விளிம்பு, உள்ளே ஆழத்தில் பச்சை நிற அமில ஏரி, ஏரிக்கரையில் மஞ்சள் கந்தகம். கந்தகத்தை உடைத்துக் கூடையில் சுமந்து மேலே ஏற்றுகிற தொழிலாளர்கள் அங்கே இருக்கிறார்கள். விளிம்பில் எங்களுக்கு மூக்கையும் வாயையும் மூடுகிற முகமூடிகளைக் கொடுத்துவிட்டு, வழிகாட்டி வழக்கம்போல் தூசியைப் பறக்கவிட்டுப் பார்த்தாள். பிறகு விளக்க ஆரம்பித்தாள். பத்து நிமிடம் பேசினாள். நான் ஏரியைப் படம் எடுத்துக்கொண்டே அரைக் காதில் கேட்டேன்.

"என்னா சொல்லுறா?" என்றார் அக்கா.

"மாஸ்க்கக் கழட்டக் கூடாதாம். அவ பின்னாடியே வரணுமாம். அம்புட்டுத்தான்."

பத்து நிமிடப் பேச்சை மூன்று வினாடியில் சொல்லி முடித்தேன். அக்கா தலையாட்டினார்.

கற்கள் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். எதிரே தோளில் மூங்கில் கம்பும் அதன் இரண்டு பக்கமும் கூடைகளுமாகத் தொழிலாளர்கள் ஏறி வந்தார்கள். ஒவ்வொருவரும் தன் எடையை விடக் கூடுதலாகச் சுமப்பதாக வழிகாட்டி சொன்னாள். ஒருவர் ஒதுங்கி நின்று எங்களுக்கு வழிவிட்டார். கம்பு அழுத்தி அழுத்தி அவர் தோளில் சதை புடைத்துக் கட்டியாக நின்றது. அக்கா அதையே பார்த்தார். "எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் புள்ள, உர மூட்ட தூக்கித் தூக்கி" என்றார். அந்தப் பேச்சில் நாங்கள் இரண்டு பேரும் குழுவை விட்டுக் கொஞ்சம் பின்தங்கிவிட்டோம்.

அப்போதுதான் காற்று மாறியது.

ஏரிப் பக்கமிருந்து வெள்ளையாக ஒரு சுவர் எழும்பி வந்து எங்களை மூடியது. முன்னால் போன ஆறு பேரும் மறைந்தார்கள். அது கந்தகப் புகை என்று என் மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருடமாக வெள்ளை மூடினால் என்ன செய்யுமோ அதையே செய்தது. பாதைக்குப் பக்கத்தில் தண்ணீர் அரித்த ஒரு பள்ளம் கீழே இறங்கிப் போனது. அக்காவின் கையைப் பிடித்தேன்.

"வாங்கக்கா, இதப் புடிச்சுக் கீழ எறங்கிருவோம். ரெண்டு நிமிஷத்துல வெளிய வந்துரலாம்."

அக்கா ஒரு கேள்வியும் கேட்காமல் வந்தார்.

இருபது முப்பது அடி இறங்கியிருப்போம். வெள்ளை குறைவதற்குப் பதிலாகக் கெட்டியானது. கண்ணில் மிளகாய்த் தூளை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல். முகமூடியையும் மீறித் தொண்டை அடைத்தது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் சரியாகிவிடும் என்று இழுத்தேன். என் கையில் அக்காவின் கை கனத்தது. திரும்பிப் பார்த்தால் அவர் உட்கார்ந்துவிட்டார். மூச்சு முட்டியதில் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இருமினார். நான் அதைப் பிடுங்கி மறுபடி மாட்டப் பார்த்தேன். அவசரத்தில் பட்டி முறுக்கிக்கொண்டது. கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அந்த நேரத்தில் எனக்கு ஹட்டன் பஸ் நிலையம்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

மேலே எங்கோ கூடைகள் தரையில் விழுந்து கந்தகக் கட்டிகள் உருண்டன. புகைக்குள்ளிருந்து ஓர் உருவம் சரிந்து இறங்கி வந்தது. சற்று முன்னால் எங்களுக்கு வழிவிட்டவர். வாயில் ஈரத்துணியைக் கட்டியிருந்தார். ஒரு கையால் அக்காவின் புஜத்தைப் பிடித்துத் தூக்கினார், மறு கையால் என் முதுகில் தள்ளினார். "அத்தாஸ்! அத்தாஸ்!" என்று கத்தினார். மொழி புரியவில்லை, கை மலையின் மேல்பக்கத்தைக் காட்டியது. எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. மூச்சு விட முடியாதபோது ஏறச் சொல்கிறாரே! ஆனால் அவர் பிடி அப்படி. ஏறினோம். பாதையைத் தாண்டி, பாறைகளைப் பிடித்துப் பக்கவாட்டில் ஏறினோம்.

நாற்பது எட்டுக்கூட எடுத்து வைத்திருக்க மாட்டோம். வெள்ளை சட்டென்று கிழிந்து நீல வானம் தெரிந்தது. காற்று. வெறும் காற்று. அதை அப்படி வாயால் அள்ளிக் குடிப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

குழுவில் மற்ற ஆறு பேரும் அங்கேயே ஒரு பாறைக்கு மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வழிகாட்டி அவர்களை அங்கே ஏற்றிவிட்டு எங்களைத் தேடி இறங்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து, அக்காவின் கண்களைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அக்காவின் இருமல் அடங்கக் கால் மணி நேரமானது. பிறகுதான் அவள் என்னிடம் கேட்டாள், ஏன் கீழே போனாய் என்று. திட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எங்கள் ஊர்ப் பழக்கத்தைச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, பனிக்கு அது சரி என்றாள். இந்தப் புகை காற்றை விடக் கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடிப்போய்த் தேங்கும், புகை வந்தால் நின்று காற்றின் திசை பார்த்துப் பக்கவாட்டில் மேலே ஏற வேண்டும் என்று விளிம்பிலேயே சொன்னேனே என்றாள்.

கனமான வாயுக்கள் தாழ்ந்த இடத்தில் தேங்கும். வருடா வருடம் கரும்பலகையில் நான் எழுதிப்போடுகிற வசனம் அது!

எங்களைக் காப்பாற்றியவர் அதற்குள் கீழே போய்ச் சிதறிய கட்டிகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். புகை விலகியதும் நானும் இறங்கிப் போய்ப் பொறுக்கிக் கொடுத்தேன். நன்றி சொல்ல அவர் மொழியில் ஒரு வார்த்தைகூட நான் கற்றிருக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பினேன். அவர் சிரித்து, என் மஞ்சள் படிந்த விரல்களைக் காட்டி, பின்பு தன் விரல்களைக் காட்டிவிட்டு, கம்பைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை தங்குமிடத்தில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வழிகாட்டி சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை, உங்களுக்கும் பாதிகூடச் சொல்லவில்லை என்று.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் புள்ள. யோசிக்கவே இல்ல. அதத்தான் நெனச்சா இப்பப் பயமா இருக்கு" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடைசி நாள் இன்னொரு மலை ஏற வேண்டும். தூரத்தில் இருக்கும் பெரிய எரிமலை குமுறுவதை அதன் உச்சியிலிருந்து பார்க்கலாம். நான் வண்டியிலேயே இருக்கிறேன் என்றேன். அக்கா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"எறங்குடி. என்னய இம்புட்டுத் தூரம் இழுத்துட்டு வந்துட்டு நீ வண்டியில குந்திக்கிட்டு இருப்பியா? இன்னைக்கு அவ சொல்லுறத ஒரு சொல்லு விடாமச் சொல்லு. தும்முனாக்கூடச் சொல்லு."

வழிகாட்டியிடம் ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தச் சொன்னேன். அவள் ஒரு வசனம், நான் ஒரு வசனம். ஐரோப்பியர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அக்கா இடையிடையே சந்தேகம் கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன். அந்தக் கேள்விகளில் இரண்டுக்கு வழிகாட்டியே கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள். பிறகு ஏறினோம். உச்சியில் நாங்கள் நின்றபோது, தூரத்து மலை ஒரு தடவை சாம்பலைக் கக்கியது. கரும்பலகையில் நான் வரைந்த காளான் மாதிரி இல்லவே இல்லை. வேறெதைப் போலவும் இல்லை. அக்கா விசிலடித்தார். கணித டீச்சருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இப்போது இதை எழுதும்போது பக்கத்தில் சுமாத்ரா தீவின் வரைபடம் விரித்துக் கிடக்கிறது. வரும் ஆகஸ்டில் அங்கே ஏழு நாள் சுற்றுலா, மூன்று எரிமலைகள். அக்கா வருகிறார். இந்தத் தடவையும் நிபந்தனை ஒன்றுதான்: வழிகாட்டி பேசும்போது அவரே நேராகக் கேட்பார், எனக்கு அவர் சொல்வார். அதற்காக ஆறு மாதமாக ஆங்கிலம் படித்து, என்னையே திருத்துகிற அளவுக்கு வந்துவிட்டார். மலையைப் பார்த்தால் எனக்கு இன்றும் பயமில்லை. ஆனால் அடிவாரத்தில் வழிகாட்டி பேசி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டு, கமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவளாக நான் நிற்கப்போகிற அந்தப் பத்து நிமிடம்தான், இதுவரை ஏறிய எல்லா ஏற்றத்தையும் விட எனக்குக் கஷ்டமானதாக இருக்கும். அதை ஏறிவிட்டால் மற்றது எதையும் ஏறிவிடுவேன்.