கத்தாமல் சாப்பிட்ட செல்கள்

செய்தி வந்தபோது பகல் இரண்டு பத்து. போனில் பேசியது அக்காவின் ஆய்வகத்து மாணவி; பட்டம் வாங்கும் முன்பே அக்கா ‘டாக்டரம்மா’ என்று கிண்டலாகக் கூப்பிடும் பெண். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த அக்கா எழுந்திருக்கவில்லை, இதயம் நின்றுவிட்டது என்றாள்.

மூன்று வாரம் ஆகிறது. அக்காவைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு சிரிப்பில்தான் போய் முடிகிறது. அதனால் நானும் சிரித்த கதையையே எழுதுகிறேன்.

அக்கா இருபத்தாறு வருடம் லேப் டெக்னீஷியன். அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த நுரையீரல் துண்டும் குடல் துண்டும் ஐஸ் பெட்டியில் அவள் மேஜைக்கு வரும். அவற்றிலிருந்து மேக்ரோபேஜ் என்னும் செல்களைப் பிரித்து, கண்ணாடித் தட்டில் உயிரோடு வைத்திருப்பது அவள் வேலை. உடம்புக்குள் நுழையும் கிருமியை விழுங்குவதும், ஆபத்து என்று மற்ற செல்களைக் கூப்பிடுவதும் இவைதான். கூப்பாடு என்பது அவை கசியவிடும் ரசாயனம். மெஷின் அதை அளந்துவிடும். ஆய்வகத்தில் மற்றவர்கள் தட்டின் மூடியில் பெயர் எழுதுவார்கள். அக்கா அடித்தட்டில்தான் எழுதுவாள். மூடிக்கு என்ன, யார் தலையிலும் உட்கார்ந்துகொள்ளும் என்பாள்.

போன வருடம் வந்தது வம்பு. டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக்காக, அக்கா இரண்டு வகைச் செல்களுக்கும் ஒரே பாக்டீரியாக் கரைசலை விட்டாள். நுரையீரல் செல்கள் ஊரையே கூட்டின. குடல் செல்கள் வாயே திறக்கவில்லை. மூன்று தடவை செய்தும் அதேதான். பிரிக்கும்போதே அக்கா அவற்றைக் கொன்றிருக்க வேண்டும், வயதாகிறது, கை முன்போல் இல்லை என்று ஆய்வகத்தை நடத்தும் ப்ரொபசர் முடிவு கட்டிவிட்டார். இன்னும் ஒரு வாய்ப்பு, அதுவும் இப்படியே ஆனால் ஸ்டோர் ரூமுக்கு மாற்றல். தட்டைத் தொடாத வேலை அக்காவுக்கு வேலையே இல்லை.

அன்று சாயங்காலம் நான் அவள் வீட்டில் இருந்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவளோ அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு பஸ் நிலையத்துக்கு எதிரே. ஹாரன் மேல் ஹாரன். அத்தான் சோபாவில் குறட்டை. அக்கா எழுந்துபோய் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். அந்தச் சின்னச் சத்தத்துக்கு அத்தான் கண் விழித்துவிட்டார்.

“பார்த்தியாடா. குடல்ல எந்நேரமும் பாக்டீரியாதான். ஒவ்வொண்ணுக்கும் கத்திக்கிட்டு இருந்தா உடம்பு தாங்குமா? அதுங்க சாகலை. இருக்கற இடத்துக்குப் பழகிடுச்சு.”

தன்னை எதோடு ஒப்பிடுகிறாள் என்று அத்தான் விசாரித்தார். குடலோடு என்று தெரிந்ததும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாளில் புதிய குடல் துண்டு வந்தது. அக்கா செல்களைப் பிரித்தாள். கரைசலை இந்தத் தடவை டாக்டரம்மாவையே விடச் சொன்னாள். கூடவே, கிருமி அளவே உள்ள, பச்சையாக ஒளிரும் மணிகளையும் தட்டில் தூவினாள். மறுநாள் மெஷின் பழைய பாட்டையே பாடியது. மாற்றலுக்குக் கையெழுத்துப் போட ப்ரொபசர் பேனாவை எடுத்துவிட்டார். அக்கா அவரை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள். ஒவ்வொரு செல்லின் வயிற்றிலும் பச்சை மணிகள்.

“மூக்கு முட்டச் சாப்பிட்டவங்களப் போய் செத்துட்டாங்கன்னு சொல்லலாமா சார்?”

அவர் கண்ணை எடுக்க வெகுநேரம் ஆனது. இடத்துக்கு இடம் இந்தச் செல்களின் குணம் மாறும் என்று பாடமே நடத்தியிருக்கிறேன், என் தட்டில் பார்த்தும் நம்பவில்லையே என்றார். மன்னிப்பும் கேட்டார். ஸ்டோர் ரூம் பேச்சு அதோடு போயிற்று. குடல் செல்களைச் சாகாமல் பிரிக்க அங்கே வேறு யாருக்கும் வராது என்பதால், செய்முறையை அவள் கையாலேயே எழுதித்தரச் சொன்னார். செய்வதைவிட எழுதுவது பெரிய தண்டனை என்று அக்கா மாதக்கணக்கில் முணுமுணுத்தாள்.

அந்த நோட்டு இப்போது டாக்டரம்மாவிடம் இருக்கிறது. மொத்தம் பதினோரு படிகள் என்று முதல் பக்கத்தில் அக்கா எழுதியிருக்கிறாள். பத்தாவது, “தட்டை மெதுவாக” என்பதோடு நிற்கிறது.