காஸை நூர்த்த கதை

சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்து விளங்கிக்கொண்டதால் ஒரு குடும்பத்தையே ஐந்து நாள் ஈர உடுப்போடு திரியவிட்டவள் நான். அப்போது வயது ஒன்பது. இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டித் தமிழில் கட்டுரைகள் எழுதுகிறேன். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றே நம்ப விரும்புகிறேன்.

புலம்பெயர்ந்து வந்த வோபர்னில் வாடகை வீடு, மாசி மாதக் குளிர். அம்மா கொழும்பில் சிலிண்டர் அடுப்பில் சமைத்துப் பழகியவர். இங்கே மின்சார அடுப்புக்கு மாறிய பிறகும் அவர் வாயில் அடுப்பின் பெயர் 'காஸ்'தான். அன்று பருப்பை ஏற்றிவிட்டு மேல் மாடியில் தொலைபேசியில் இருந்தவர், "பிள்ளை, காஸை ஒருக்கா நூர்த்து விடு" என்று கத்தினார். அடுப்பை அணைத்துவிடு என்பதுதான் அதன் பொருள்.

அதற்கு முதல் கிழமைதான் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தீயணைப்பு வீரர் வந்து, காஸை எப்படி நிறுத்துவது என்று படம் கீறிக் காட்டியிருந்தார். கைப்பிடி குழாயோடு நேராக நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் பூட்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் நான் கண்ட அப்படியான கைப்பிடி ஒன்றே ஒன்று. நிலத்துக்குக் கீழே பேஸ்மென்ரில், உடுப்புக் காயவைக்கும் ட்ரையருக்குப் பின்னால், மஞ்சள் நிறத்தில் இருந்தது. இறங்கிப் போய் அதைக் குறுக்கே திருப்பிவிட்டு, கடமை முடித்த நிம்மதியில் கார்ட்டூன் பார்த்தேன்.

பருப்பு கரிந்தது. "நூர்த்தனான்" என்று நான் அழுததை ஒருவரும் நம்பவில்லை. பொய்க்காரி என்ற பெயரும் அகப்பைக் காம்பால் இரண்டும் கிடைத்தன.

மறுநாள் ட்ரையர் சுற்றியது, இரைந்தது, காற்றும் ஊதியது. சூடு மட்டும் வரவில்லை. துவாய்கள் ஒரு மணித்தியாலம் உருண்டுவிட்டுப் போட்ட ஈரத்தோடேயே வெளியே வந்தன. அப்பாவின் சாரத்தை வெளியே காயப்போட்டதில் அது பலகை போல விறைத்து நின்றது. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ட்ரையருக்கு மின்சார வயர் இருந்தது. ஆகவே அது மின்சாரத்தில் ஓடியது. அவ்வளவுதான் என் விஞ்ஞானம்.

பேஸ்மென்ரில் மாமா படுத்தார். அம்மாவின் தம்பி. வந்து மூன்று மாதம், வேலை இல்லை. ஊரில் மெக்கானிக்காக இருந்தேன் என்பார். வீட்டு மெஷின்கள் திருத்தும் கடை ஒன்றை அப்பாவின் சிநேகிதர் வைத்திருந்தார், அங்கே ஆள் தேவைப்பட்டது. அப்பாதான் மாமாவைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவில்லை.

"உவர் சைக்கிளுக்குக் காத்தடிச்சவர். உவரை நம்பி என்னெண்டு போய்க் கதைக்கிறது?" என்றார் அப்பா.

"அப்ப உந்த ட்ரையரைத் திருத்திக் காட்டட்டும்" என்றார் அம்மா.

சனிக்கிழமை காலை பரீட்சை. அப்பா கதிரை கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். மாமா டோர்ச்சோடு ட்ரையருக்குப் பின்னால் தலையை விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "அத்தான், இது லேசுப்பட்ட கேஸ் இல்லை" என்றார். பிறகு முன்தகட்டைக் கழற்றினார். ஸ்க்ரூக்களை வரிசையாகப் பேப்பரில் அடுக்கினார். காற்றுக் குழாய்க்குள் கையை விட்டு, செத்த பூனை அளவுக்குப் பஞ்சுத் தூசியை இழுத்து அப்பாவின் காலடியில் போட்டார்.

"மோட்டர் கரண்டிலை, சூடு காஸிலை, அத்தான்" என்று அவர் விளக்கியபோதுதான், நான் திருப்பிய மஞ்சள் கைப்பிடி எதை நிறுத்தியிருந்தது என்று பிடிபட்டது.

நான் வாய் திறக்காவிட்டால் மாமாவுக்கு வேலை இல்லை என்பது எனக்கு விளங்கியது. அகப்பைக் காம்பு அதைவிட நன்றாக விளங்கியது.

எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தபோது மெல்ல இறங்கிப் போய்க் கைப்பிடியை நேராக்கினேன். சாப்பிட்டு வந்து மாமா மெஷினைப் போட்டார். குளிர்காற்று. எட்டிப் பார்த்தால் கைப்பிடி குறுக்கே நின்றது. பின்னேரம் இன்னொரு தரம் நேராக்கிவிட்டுப் பிள்ளையாரையும் கும்பிட்டேன். ஞாயிறு விடியப் போய்ப் பார்த்தால் மறுபடியும் குறுக்கே. அதற்குள் என்னைவிடப் பிடிவாதமான ஏதோ இருக்கிறது என்று பயந்து கைவிட்டேன்.

ஞாயிறு பின்னேரம் கடைசித் தகட்டையும் பூட்டிவிட்டு மாமா ஒருமுறை பின்பக்கம் போய்வந்தார். "நீங்களே அமத்துங்கோ, அத்தான்." அப்பா பட்டனை அமத்தினார். உள்ளே எதுவோ 'பக்' என்று பற்றியது. சற்றுக் கழித்துக் கதவைத் திறந்து கையை விட்டவர், சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுது" என்றார். அப்பா எனக்கு எக்காலத்திலும் அவ்வளவு பெரிய பாராட்டுத் தந்ததில்லை. மூன்று ஸ்க்ரூ மிஞ்சியதை அவர் காணவில்லை. திங்களன்றே சிநேகிதரோடு கதைத்தார்.

மாமா இப்போது விட்பியில் சொந்தக் கடை வைத்திருக்கிறார். போன கோடையில் அவர் வீட்டுக்குப் போனபோது, இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்ததை இறக்கிவைத்தேன். நான்தான் பூட்டினேன், உங்களை அநியாயமாக இரண்டு நாள் வேலை வாங்கிவிட்டேன் என்று. மாமா ரோல்ஸை மென்று முடித்தார்.

"டோர்ச் அடிச்ச உடனேயே கண்டனான். ஒரு நிமிசத்திலை திருப்பி விட்டிருந்தால் அத்தான் என்னை மெக்கானிக் எண்டு நம்பியிருப்பாரே? நீ என்னடி எண்டால் ரெண்டு தரம் திறந்து வச்சு, வரவிருந்த வேலையையும் கெடுக்கப் பாத்தனி."