சனோபரின் புளித்த ரொட்டி

எங்கள் தெருவில் ரொட்டி புளிக்கத் தொடங்கியதை முதலில் கண்டுபிடித்தது கர்பலாயி இவாஸின் வயிறு. கர்பலாவுக்கு யாத்திரை போய் வந்ததால் கர்பலாயி. அவர்தான் தெருவுக்குப் பொறுப்பாளர். யார் வீட்டுக்கு யார் வந்தார், ஏன் வந்தார் என்று காவல் சாவடிக்குச் சொல்ல வேண்டிய மனிதர். அப்படிப்பட்டவர் வாயில் போய் ரொட்டி புளித்தால் துருவிக் கேட்காமல் விடுவாரா?

"ஏய் சனோபர்! மாவுல தயிரக் கொட்டுறியா, இல்ல என்னைக் கொல்லணும்னே சுடுறியா? ராத்திரி பூரா நெஞ்சு எரியுது!" என்று வாசலுக்கு வெளியே நின்று கத்தினார். பெண்கள் ரொட்டி சுடும் தந்தூர் வீட்டுக்குள் ஆண்கள் காலெடுத்து வைப்பதில்லை. வாசலில் நின்று இருமுவார்கள். நாங்கள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளிருந்தே பதில் சொல்வோம்.

"வெயில் காலம், கர்பலாயி. மாவு என் பேச்சக் கேக்க மாட்டேங்குது," என்றாள் சனோபர். "நேத்து மிஞ்சின கொழுப்பெல்லாம் வழிச்சுத் தின்னுட்டு எம் ரொட்டிமேல பழியப் போடாதீங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். உள்ளே பெண்கள் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் நான் மாவுத் தட்டுகளைத் துணியால் மூடினேன். மாவு புளித்ததற்குக் காரணம் வெயில் இல்லை, நான்.

புது ஆட்சி வந்து, பெண்கள் படிக்கக் கூடாதென்று பள்ளிக்கூடத்தைப் பூட்டும்வரை நான் பெண்பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சர். இப்போது தெருவுக்குத் தெரிந்தவரை சனோபரிடம் மாவு பிசைகிறவள். காலையில் பிள்ளைகள் மாவுத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வருவார்கள். தட்டை வரிசையில் வைத்துவிட்டு, தந்தூருக்குப் பின்னால் இருக்கும் விறகு அறைக்குள் நுழைவார்கள். மதியம்வரை அங்கே பாடம். என் மகள் ராஹிலாவும் அவர்களில் ஒருத்தி. ரொட்டி சுட்டாகிவிட்டால் உட்கார்ந்திருக்கக் காரணம் இல்லை, வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். அதனால் மாவு காத்திருந்தது. காத்திருந்த மாவு வேறென்ன செய்யும்?

இந்த ஏற்பாடு சனோபருடையது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கஸ்னி சாலையில் துப்பாக்கிக்காரர்கள் வண்டியை நிறுத்தி, எங்கள் ஹஸாரா இனத்து முகச்சாடை உள்ளவர்களை மட்டும் இறக்கிக் கொண்டுபோனார்களே, அதில் அவள் புருஷனும் ஒருவன். திரும்பி வரவில்லை. கைப்பிள்ளை லைலாவோடு காபூலுக்கு வந்து, எங்கள் ஆட்கள் வாழும் பர்ச்சிப் பகுதியில் இந்த முற்றத்தில் குழி தோண்டித் தந்தூர் போட்டாள். புருவம் கருகிப்போன முகம், ஊரையே வைது தீர்க்கும் வாய். ஆனால் தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், தந்தூருக்குள் போன கை அப்படியே நின்றுவிடும். அவள் கையில் உள்ள தழும்பெல்லாம் அப்படி வாங்கியவைதான்.

லைலா வளர்ந்ததும் காலையில் அம்மாவோடு ரொட்டி சுட்டுவிட்டு டியூஷனுக்கு ஓடுவாள். அந்த டியூஷன் வகுப்புக்குள் ஒருநாள் ஒருவன் குண்டோடு நுழைந்தான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பிள்ளைகளைத் துணி மூடிக் கிடத்தியிருந்தார்கள். நானும் சனோபரோடு போயிருந்தேன். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றார்கள். அவள் ஒவ்வொரு துணியிலும் வலது கைப் பக்கம் மட்டும் விலக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். முழங்கைக்குக் கீழே, பிறை மாதிரி ஒரு தந்தூர்ச் சூடு. "இதுதான்," என்றாள். அழவில்லை. நான்தான் துணியை மறுபடி இழுத்து மூடினேன்.

பள்ளிக்கூடங்களைப் பூட்டிய பிறகு ஒருநாள் என்னிடம் வந்தாள். "எம் பொண்ணக் குண்டு வச்சு நிறுத்துனாங்க. உம் பொண்ணப் பூட்டுப் போட்டு நிறுத்துறாங்க. மாவோட அனுப்பு டீச்சர், மிச்சத்த நான் பாத்துக்குறேன்." எனக்குத் துணிச்சல் கிடையாது. ராஹிலா வீட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைப் பொறுக்க முடியாமல்தான் சம்மதித்தேன்.

கர்பலாயி நெஞ்செரிச்சலைச் சொல்லிவிட்டுப் போன மறுவாரம், வாசலில் மறுபடி இருமல் கேட்டது. எப்போதும் ரெண்டு இருமல்தான் இருமுவார். அன்று குடலே வெளியே வந்துவிடும்போல இருமினார். யாரோ வருகிறார்கள் என்று சனோபருக்குப் புரிந்துவிட்டது. விறகு அறைக் கதவை ஓங்கித் தட்டினாள். நோட்டுகள் மாவு மூட்டைக்குள் போயின. பிள்ளைகள் தட்டுகளைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். வெள்ளை மேலங்கி போட்ட ஒழுக்கத் துறை ஆள் உள்ளே வந்தான். அவனுக்குப் பின்னால் துப்பாக்கியோடு இன்னொருவன்.

அந்நியப் பெண்களைப் பார்க்கக் கூடாதாம், கண்ணைத் தரையில் நட்டுக்கொண்டு பேசினான். பெண்களைப் பார்க்காதவன் செருப்புகளைப் பார்த்தான்.

"எதுக்கு இத்தனை செருப்பு?"

"இத்தனை வீடு, இத்தனை மாவு," என்றாள் சனோபர்.

"வயசுப் பொண்ணுங்க பொழுதன்னைக்கும் இங்கயே உக்காந்திருக்காங்களாமே?"

"மாவு பொங்க வேணாமா? பொங்காத மாவுல சுட்டா உங்க பல்லுதான் போகும்."

கையிலிருந்த கம்பால் ஒரு தட்டின் துணியை விலக்கினான். புளித்த வாடை முற்றமெங்கும் அடித்தது. மாவு உப்பி, அமுங்கி, நடுவில் குழி விழுந்து கிடந்தது.

"எங்கம்மாவும் ரொட்டி சுட்டவதான்," என்றான் நிதானமாக. "இது எப்பவோ பொங்கி அடங்கின மாவு. ஏன் சுடல?"

சனோபர் கொக்கியை எடுத்துத் தந்தூர்த் தணலைக் கிளறினாள். மாவு மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்த ராஹிலாவைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடுபட்டேன்.

"நாந்தான் சுடக் கூடாதுன்னேன்!" வெளியிலிருந்து கர்பலாயியின் குரல். "எங்க மலைக்காட்டு ஆளுங்களுக்குப் புளிச்சாத்தான் ரொட்டி. இல்லன்னா தொண்டையில எறங்காது. தெருவுல யார வேணாலும் கேட்டுப் பாருங்க."

"அப்படியா? சுடட்டும். நீங்க தின்னு காட்டுங்க." வெள்ளை அங்கி தரையைப் பார்த்தபடியே கம்பை நீட்டினான். "அந்தப் பச்சைச் செருப்பு சுடட்டும்."

பச்சைச் செருப்பு ராஹிலாவுடையது. என் மகள் பிறந்ததிலிருந்து தந்தூர்ச் சுவரில் ஒரு ரொட்டி ஒட்டியதில்லை. வீட்டில் அடுப்புப் பக்கம் வந்தாலே, போய்ப் படி என்று விரட்டுவேன்.

"அது சின்னப் பொண்ணு, நான்—" என்று சனோபர் எழுந்தாள்.

"பச்சைச் செருப்பு."

ராஹிலா எழுந்தாள். தினமும் பார்த்தது கைக்கு வந்துவிடுமா? மாவைக் கையில் தட்டி அகலமாக்கி, தந்தூருக்குள் குனிந்தாள். அனல் அவள் சட்டைக் கையை மேலே தூக்கியது. கை சுவரில் பட்டதை நான் பார்த்தேன். தோல் கருகும் வாடை எனக்கு வந்தது. ஐயோ என்று ஒரு சத்தம் வந்தால் போதும், பழக்கமில்லாதவள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெற்ற தாய் நான், மாவுக் கையோடு சும்மா நின்றேன்.

ரொட்டி ஒட்டிக்கொண்டது. சனோபர் கொக்கியால் எடுத்துக் கொடுத்தாள். ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் வேகவில்லை. கர்பலாயி வாசலில் நின்று முழுசாகத் தின்றார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "ஆகா, இதுல்ல ரொட்டி!" என்றார்.

வெள்ளை அங்கியும் ஒரு துண்டு பிய்த்து மென்றான். ரொம்ப நேரம் மென்றான். "எங்க சாவடிக்கும் தினம் மத்தியானம் அஞ்சு ரொட்டி. இதே புளிப்பு இருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆசைப்பட்டுக் கேட்டானா, பொறி வைத்துவிட்டுப் போனானா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் ரொட்டி புளிக்காமல் போனால், இத்தனை நாள் ஏன் புளித்தது என்று கேட்க வருவான். அதனால் பாடம் இல்லாத நாளுக்கென்று சனோபர் ஒரு சட்டியில் பழைய மாவை மூடி வைத்திருக்கிறாள். மதியம் சாவடி ஆள் வந்து இருமுவான். வாசலிலேயே ஒரு வாய் கடித்துப் பார்ப்பான். அவன் நடந்து போகும் செருப்புச் சத்தம் கேட்கும்வரை உள்ளே ஒருத்திக்கும் மூச்சு வராது. பாடம் மட்டும் நிற்கவில்லை.

அன்று அவர்கள் போனதும் சனோபர் முட்டையை உடைத்து ராஹிலாவின் கையில் வெள்ளைக்கருவைத் தடவினாள். வலது கை, முழங்கைக்குக் கொஞ்சம் கீழே. பிள்ளை அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

"அழாத ராஹிலா ஜான், என் கண்ணு, ஆறிடும்," என்றாள் சனோபர். பிறகு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னாள்: "தழும்பு நிக்கும் டீச்சர். நிக்கட்டும். துணிய விலக்குனா ஒனக்கு ஒடனே தெரியும்."

அவளை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. என்ன பேச்சு பேசுகிறாள் பாவி! குனிந்து, அந்தச் சூடு எங்கே தொடங்குகிறது, எப்படி வளைகிறது, எங்கே முடிகிறது என்று மனதில் பதியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.