ஒரு மணி நேரப் பயணம்

தீர்த்தகிரிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் போர்வெல் ரிக் லாரியே தின்றுவிட்டது. ஒடிசா, சத்தீஸ்கர் என்று ஊரார் நிலத்தில் தண்ணீர் தேடி அலைந்தவன், சொந்த வீட்டு விசேஷம் எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை. தங்கை கண்ணாத்தாளின் மகளுக்குக் காது குத்தியபோதும் வரவில்லை. தாய்மாமன் மடிக்குப் பதிலாகப் பங்காளி ஒருவன் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். மறுநாள் வந்து சேர்ந்தவனிடம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதனால்தான் சேலத்துக்கு விமானம் விட்டதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது அவனுக்கு வேலை பெங்களூருக்கு வடக்கே, விமான நிலையத்துக்குப் பக்கத்தில். "நேரா கோடு போட்டா எரநூறு கிலோமீட்டர்கூட இல்லீங்க. ஒரு மணி நேரந்தான்" என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தான். ரிக்காரர்கள் எல்லோருக்கும் இந்தக் கிறுக்கு உண்டு. பறக்கிற நேரத்தை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். காத்துக் கிடக்கிற நேரத்தையும் மழையையும் யார் எடுப்பது?

ஐப்பசியில் ஒரு விடிகாலை, மல்லசமுத்திரத்திலிருந்து கண்ணாத்தாளின் கணவர் செல்லமுத்து கூப்பிட்டார். அவளுக்கு ஈரலில் புற்று. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"இன்னிக்குத் தாண்டாதுங்க மச்சான். பொறந்தவன் கையால பால் ஊத்தோணும்னு கேக்குறா. இப்பவே பஸ் ஏறிருங்க."

"பஸ்ஸுன்னா அஞ்சாறு மணி நேரம் ஆயிருமுங்க மாப்ள. பிளைட்டுல ஒரு மணி நேரந்தான். மத்தியானத்துக்குள்ள வந்தர்றேன்னு அவகிட்டச் சொல்லுங்க."

அந்த நிமிடமே பஸ் ஏறியிருந்தால் உச்சிவெயிலுக்குள் தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். பாவி, ஏறவில்லை.

விமானம் தாமதமாகத்தான் கிளம்பியது. சேலத்துக்கு மேலே வந்தால், மேகம் அடைத்துக் கிடக்கிறது. இறங்க வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. பெங்களூருக்கே திரும்புகிறோம் என்று அறிவித்ததும் தீர்த்தகிரி பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றான்.

"எங்கூரு கீழதானுங்க இருக்குது" என்று பணிப்பெண்ணிடம் கெஞ்சினான். அவள் பரிதாபப்பட்டு, தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். அவளால் வேறென்ன செய்ய முடியும்?

திரும்பிப் போய் இறங்கி, பஸ் பிடித்து அவன் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கண்ணாத்தாள் பிற்பகலிலேயே போய்விட்டாள். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதவனைச் செல்லமுத்துதான் எழுப்பித் தனியே கூட்டிப் போனார்.

"மத்தியானம் மேகத்துக்கு மேல ஏரோபிளேன் சத்தம் கேட்டுதுங்க மச்சான். உங்கண்ணன் வந்துட்டாருன்னு அவ காதுல சொன்னேன். அப்பறம் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. நாங்க பால் கொண்டு போனா வாயத் தொறக்கல. கடைசி வரைக்கும் தொறக்கல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாகப்போறவகிட்டப் பொய் சொல்லிப்போட்டனுங்க."

தீர்த்தகிரி தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தான்.

"பொய்யில்லீங்க மாப்ள" என்றான். "வந்தேன்."